கல்லைத் தடுப்போம், காற்றை விடுவோம்
வாகனத்தின் றேடியேற்றரைப் பாதுகாக்கும் எளிய வழிகள்

வன்னியில் வாகனம் ஓர் ஆடம்பரப் பொருளன்று. நெடுங்கேணியின் உட்கிராமம் ஒன்றிலிருந்து பிரசவ வலியெடுத்த தாயொருத்தியை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பதும், அக்கராயனில் விளைந்த நெல்லை ஆலைக்கு ஏற்றுவதும், முல்லைத்தீவுக் கரையில் பிடிபட்ட மீனை பழுதாகுமுன் சந்தைக்கு அனுப்புவதும் வாகனத்தை நம்பியே நடைபெறுகின்றன. வைத்தியசாலையும் சந்தையும் நெல் ஆலையும் பல கிராமங்களுக்குத் தொலைவிலேயே உள்ளன. ஆகவே இங்கு ஒரு வாகனம் நின்றுபோனால் அதனுடன் இன்னும் பல காரியங்கள் நின்றுபோகின்றன.

2009ஆம் ஆண்டின் பின்னர் மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றின் கதை நாம் அறிந்ததே. இருந்த உழவு இயந்திரத்தையும் வாகனத்தையும் இழந்து வந்தவர்கள், மீண்டும் தொழில் தொடங்குவதற்காக லீசிங் முறையில் வாகனம் வாங்கினர். லீசிங் தவணை, வாகனம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதந்தோறும் கட்ட வேண்டியதாகும். எஞ்சின் பழுதாகி வாகனம் இரண்டு மாதம் கராச்சில் கிடந்தால் வருமானம் இல்லை, திருத்தும் செலவு தனி, தவணையோ நிற்பதில்லை. வாகனமே பறிபோவதற்கும் இது வழிவகுத்துவிடுகிறது.

இத்தனைக்கும் காரணமாக அமையக்கூடியது ஒரு நெல்லிக்காய் அளவு கல்லாகவும் இருக்கலாம். வீதியிலிருந்து தெறித்த கல் றேடியேற்றரைத் துளைக்கிறது. தண்ணீர் ஒழுகுகிறது. சாரதி அறியாமல் இன்னும் சில கிலோமீற்றர் ஓடுகிறார். எஞ்சின் கொதிக்கிறது, அதன் தலைப்பகுதி வளைகிறது, ஹெட் கஸ்கற் எரிகிறது. முன்னாலேயே ஒரு துண்டு கம்பிவலை இருந்திருந்தால் அக்கல் அத்துடன் கீழே விழுந்திருக்கும். எனவேதான் இவ்விதழில் இந்தச் சிறிய விடயத்தைச் சற்று விரிவாக நோக்க விரும்புகின்றோம்.

றேடியேற்றர் என்ன செய்கிறது?

எரிபொருள் எரிவதால் உண்டாகும் சக்தி முழுவதும் சில்லுகளை உருட்டப் பயன்படுவதில்லை. பருமட்டாகக் கூறினால் மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. மிகுதி வெப்பத்தை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரே எடுத்துச் செல்ல வேண்டியுள்ளது. அவ்வாறு சூடேறிய தண்ணீர் றேடியேற்றருக்கு வந்து, அங்குள்ள மெல்லிய குழாய்களின் ஊடாகச் செல்லும்போது காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்து, ஆறிய நிலையில் மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது.

இக்குழாய்களுக்கு இடையே காகிதத் தடிப்பில் மடிப்பு மடிப்பாகத் தகடுகள் அமைக்கப்பட்டுள்ளன. காற்றுப் படும் பரப்பைப் பெருக்குவதே அவற்றின் நோக்கமாகும். மெல்லியனவாக இருப்பதனால்தான் அவை வெப்பத்தை விரைவாகக் கொடுக்கின்றன. மெல்லியனவாக இருப்பதனால்தான் கல்லுக்கு ஈடுகொடுக்க மாட்டாமலும் இருக்கின்றன. அதன் பயனும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

றேடியேற்றரின் மூடியும் வெறும் மூடியன்று. அதிலுள்ள ஸ்பிறிங், உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் தண்ணீர், வளிமண்டல அழுத்தத்தைப் போல் இன்னுமொரு மடங்கு அழுத்தம் சேரும்போது ஏறக்குறைய 120 பாகையிலேயே கொதிக்கிறது. கல் பட்டு ஓர் ஊசித்துளை விழுந்தாலும் இவ்வழுத்தம் இறங்கிவிடும். அப்போது 100 பாகைக்கு மேல் சூடாகியிருந்த தண்ணீர் உடனே கொதித்து ஆவியாகத் தொடங்கும். துளை சிறிதென்று அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முச்சக்கர வண்டிகளில் பெரும்பாலானவையும் சாதாரண மோட்டார் சைக்கிள்களும் காற்றினாலேயே குளிர்விக்கப்படுவதால் அவற்றிற்கு றேடியேற்றர் இல்லை. கார், வான், பிக்கப், பட்டா, லொறி, பஸ், நான்கு சில்லு உழவு இயந்திரம் ஆகியவற்றை வைத்திருப்போர் தொடர்ந்து வாசிப்பார்களாக.

நான்கு எதிரிகள்

எமது பிரதேசத்தில் றேடியேற்றருக்கு நான்கு எதிரிகள் உள.

முதலாவது கல். ஏ9 வீதியும் ஏனைய பிரதான வீதிகளும் போருக்குப் பின்னர் செப்பனிடப்பட்டு நல்ல நிலைக்கு வந்தன. ஆயினும் பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் கிறவல் வீதியும் குளக்கட்டும் வாய்க்கால் ஓரப் பாதையுமே பல இடங்களில் எம்மை வரவேற்கின்றன. வரட்சிக் காலத்தில் சோளகக் காற்று கிறவலின் நுண்ணிய மண்ணை அள்ளிச் செல்ல, உதிரிக் கற்கள் மேலே எஞ்சி நிற்கின்றன. தார் வீதியிலும் படங்கு மூடாமல் செல்லும் டிப்பர்களிலிருந்து சல்லி சிந்துகிறது.

இரண்டாவது வைக்கோலும் பதரும். உழவு இயந்திரத்தைக் களத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சூடு மிதித்த காலத்தில், பறக்கும் கூளம் றேடியேற்றரை மூடி இயந்திரம் கொதிப்பது அனுபவசாலிகள் நன்கறிந்த விடயம். இப்போது வெட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. எனினும் காலபோக அறுவடையின்போதும் சிறுபோக அறுவடையின்போதும் வயலோரத்திலும், நெல் காயவிடப்பட்ட வீதியிலும் செல்லும் வாகனங்களின் முகப்பில் பதர் வந்து அப்புவது நிற்கவில்லை.

மூன்றாவது தூசி. இது துளைப்பதில்லை; மெல்ல மெல்ல அடைக்கிறது. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட தகடுகளில் தூசி படிந்து சேறு போல இறுகிவிடும்.

நான்காவது பூச்சி. மாரி தொடங்கும் நாட்களில் இரவில் வெளிச்சத்தை நாடி வரும் ஈசலும் விட்டிலும் தகடுகளின் இடையே நசுங்கி ஒட்டிக்கொள்கின்றன. இது எமக்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. அவுஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் வெட்டுக்கிளிக் கூட்டம் கிளம்பும் காலத்தில், அங்குள்ள விவசாயிகள் தமது வாகனங்களின் முகப்பில் மெல்லிய வலையைக் கட்டிக்கொண்டே வீதியில் இறங்குகின்றனர்.

இந்நான்கில் கல்லொன்றே உடனடியாகத் தாக்குவது. மற்றைய மூன்றும் காற்றுப் போகும் வழியை அடைத்துத் தாக்குபவை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதுகாப்பு முறையும் விளங்கிவிடும். கல் வராமல் தடுக்க வேண்டும். அதேவேளை காற்று வராமல் தடுத்துவிடக் கூடாது.

அன்றைய காரும் இன்றைய வாகனமும்

தொண்ணூறுகளில் வன்னியில் வாழ்ந்தவர்கள், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் செய்யப்பட்ட ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் கார்களை மறந்திருக்க மாட்டார்கள். 1990 முதல் 2002ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் தளர்த்தப்படும் வரை எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடையிருந்த காலம் அது. சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட அக்கார்கள் நோயாளரையும் இடம்பெயர்ந்தோரையும் சுமந்தன.

அவை தாக்குப்பிடித்தமைக்குச் சாரதிகளினதும் மெக்கானிக்குகளினதும் திறமை முதற் காரணம். அவற்றின் அமைப்பும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. அக்கார்களின் றேடியேற்றர் செம்பினாலும் பித்தளையினாலும் ஆனது. துளை விழுந்தால் கழற்றிச் சுரண்டி, ஈயம் உருக்கி ஒட்டிவிடலாம். ஒட்டுவதற்குப் பயன்படும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகம் 183 பாகை அளவில் உருகத் தொடங்குவது. ஊர்க் கராச்சிலேயே அவ்வேலை முடிந்துவிடும்.

இன்றைய வாகனங்களில் நிலைமை வேறு. குழாயும் தகடும் அலுமினியம். மேற்தொட்டியும் கீழ்த்தொட்டியும் பிளாஸ்ரிக். இரண்டையும் ஓர் இறப்பர் வளையம் இணைக்கிறது. பாரம் குறைவு, விலை குறைவு, குளிர்விக்கும் ஆற்றலும் நன்று. ஆனால் அலுமினியத்தின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் ஒட்சைட்டுப் படை காரணமாகச் சாதாரண ஈயம் அதில் ஒட்டாது. பெரும்பாலும் முழு றேடியேற்றரையும் மாற்றவே வேண்டியுள்ளது. ஆகவே, பழுதுபட்டால் திருத்தலாம் என்றிருந்த காலம் போய், பழுதுபடாமல் காக்க வேண்டிய காலம் வந்துள்ளது எனலாம்.

குளிரூட்டி பொருத்திய வாகனங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். றேடியேற்றருக்கு முன்னால், அதைப் போன்றே தோன்றும் கொண்டென்சர் என்னும் பாகம் இருக்கும். முதற் கல் படுவது அதிலேதான். அது துளைபட்டால் குளிரூட்டும் வாயு வெளியேறிவிடும். ஹைபிறிட் வாகனங்கள் சிலவற்றில் மின்பகுதியைக் குளிர்விப்பதற்கென்றே தனியான றேடியேற்றரும் முன்னால் உண்டு. அது பழுதுபட்டால் ஏற்படும் செலவு பெரிது.

எந்த வலை பொருத்தமானது?

கடைகளில் பலவித வலைகள் கிடைக்கின்றன. எதை வாங்குவது என்பதை ஒரு சிறு கணக்கினால் தீர்மானிக்கலாம். சதுரக் கண்ணுள்ள வலையொன்றில், கண்ணின் அகலத்தைக் கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் பிரித்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கினால், காற்றுச் செல்வதற்குத் திறந்திருக்கும் பங்கு கிடைக்கும்.

கண் 12 மி.மீ., கம்பி 1 மி.மீ. எனில் திறந்த பங்கு ஏறக்குறைய 85 வீதம். கண் 6 மி.மீ., கம்பி 1 மி.மீ. எனில் 73 வீதம். யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலையில் கண் 1.2 மி.மீ., கம்பி 0.3 மி.மீ. எனக் கொண்டால் 64 வீதம்.

64 வீதம் குறைவில்லையே என்று சிலர் எண்ணக்கூடும். சிக்கல் அதன் பின்னர்தான் வருகிறது. நுளம்பு வலையின் கண்ணில் ஒவ்வொரு பதரும் ஒவ்வொரு ஈசலும் சிக்கி நிற்கும். பாதி அடைபட்டால் திறந்த பங்கு 32 வீதமாகிவிடும். பகலில் நெல்மூடைகளை ஏற்றிக்கொண்டு மெதுவாகச் செல்லும் வாகனம் அந்நிலையில் கொதிக்காமல் என்ன செய்யும்?

எனவே நாம் சிபாரிசு செய்வது இதுவே. எந்நாளும் இருப்பதற்கு 6 மி.மீ. கண்ணுள்ள, துருப்பிடிக்காத அல்லது நாகம் பூசிய கம்பிவலை. 6 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களை அது நிறுத்திவிடும். அதனிலும் சிறியவை தகட்டை வளைக்கலாமேயன்றிக் குழாயைத் துளைப்பது அரிது. உழவு இயந்திரத்திற்கும் லொறிக்கும் முகப்பில் ஏற்கெனவே தடித்த கம்பித் தடுப்பு இருப்பின் 12 மி.மீ. கண் போதுமானது. அறுவடைக் காலத்திற்கு மட்டும், இலகுவில் கழற்றக்கூடியதாக ஒரு மெல்லிய வலையை அதன் முன்னால் கொழுவிக்கொள்ளலாம். அதை நாளுக்குப் பல தடவை தட்டிச் சுத்தம் செய்ய இயலாதவர்கள் மெல்லிய வலையை நாடாதிருப்பதே நன்று.

சாக்கு, காட்போட் மட்டை, தகரம் என்பவற்றை முன்னால் கட்டுவது முற்றிலும் தவறான முறையாகும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுவதற்கென்று முன்னர் செய்யப்பட்ட பேர்குசன் உழவு இயந்திரங்களுக்கு, றேடியேற்றரை மறைக்கும் திரை ஒன்றும் பாவிக்கப்பட்டது உண்மையே. அவ்வெரிபொருள் நன்றாக எரிவதற்கு எஞ்சின் சூடாக இருக்க வேண்டியிருந்ததும், அந்நாடுகளின் குளிருமே அதற்குக் காரணம். எமது வெயிலில் ஓடும் டீசல் வாகனத்திற்கு அவ்வழக்கம் பொருந்தாது.

பொருத்தும் முறை

வலையைப் பொருத்துகையில் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளவும்.

1. வலை றேடியேற்றரையோ கொண்டென்சரையோ தொடக்கூடாது. குறைந்தது இரண்டு விரற்கிடை இடைவெளி வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும் வலை, கல் படும்போது அந்த அடியை அப்படியே தகட்டுக்குக் கொடுத்துவிடும். அத்துடன் ஓயாத அதிர்வினால் கம்பி குழாயை அராவி, கல் செய்யாத துளையைத் தானே செய்துவிடும்.

2. தகடுகளின் ஊடாகக் கம்பியையோ பிளாஸ்ரிக் நாடாவையோ கோத்துக் கட்ட வேண்டாம். மெல்லிய இரும்புச் சட்டத்தில் வலையை அடித்து, அச்சட்டத்தைப் பம்பரின் உட்பகுதியிலோ முகப்புக் கிறிலின் பின்புறத்திலோ இறப்பர் வாசர் இட்டு ஆணியால் இறுக்கவும்.

3. பம்பருக்குக் கீழேயுள்ள திறப்பை மறந்துவிட வேண்டாம். இன்றைய கார்களில் காற்றின் பெரும்பகுதி அவ்வழியேதான் உட்செல்கிறது. கல்லும் அவ்வழியே வருகிறது.

4. இடமிருந்தால் வலையைச் சற்றுச் சரிவாகப் பொருத்தவும். சரிவான வலையின் பரப்புக் கூடுதலாதலால் காற்றுத் தடையும் குறையும். படும் கல்லும் வழுக்கிக் கீழே விழும்.

5. பொனற் கொழுவி, ஹோண் முதலியவற்றிற்கு இடையூறு ஏற்படாதிருக்கவும், வலையை இரண்டு ஆணியில் கழற்றிக் கழுவத்தக்கதாகவும் இருக்கவும் வேண்டும்.

எஞ்சினின் அடியிலிருக்கும் பிளாஸ்ரிக் தட்டு பள்ளத்தில் அடிபட்டு உடைந்தால், அதைக் கழற்றி எறிந்துவிடுவது பலரது வழக்கமாகவுள்ளது. கீழிருந்து தெறிக்கும் கல்லைத் தடுப்பதும், உள்ளே வந்த காற்று வீணாகாது றேடியேற்றரின் ஊடாகச் செல்ல உதவுவதும் அத்தட்டே. உடைந்தால் ஒட்டியோ தகரத்தில் செய்வித்தோ மீண்டும் போடவும்.

பொருத்தி முடிந்ததும் ஒரு பரீட்சை அவசியம். நண்பகலில், பாரம் ஏற்றி, குளிரூட்டி இருப்பின் அதையும் போட்டு, மெதுவான வேகத்தில் அரைமணி நேரம் ஓட்டி, வெப்பமானியின் முள்ளைக் கவனிக்கவும். முன்னர் நின்ற இடத்தை விட அது உயர்ந்தால் வலை நெருக்கமானது என்பது அர்த்தம். கண் பெரிதான வலைக்கு மாற்றவும்.

சுத்தம் செய்தல்

வலை போட்டாயிற்று என்று இருந்துவிடலாகாது. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு நாளும், மற்றைய காலத்தில் மாதமொருமுறையும் றேடியேற்றரைப் பார்வையிட வேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரே இவ்வேலையைத் தொடங்கவும்.

தண்ணீரை எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி விடவும். குப்பை முன்னிருந்து உட்புகுந்தது. வந்த வழியே அதை வெளியேற்ற வேண்டும். முன்னிருந்து பீய்ச்சினால் அது இன்னும் ஆழமாக இறுகும். சேர்விஸ் நிலையங்களில் வாகனம் கழுவும் பலத்த நீர்த்தாரையை அருகில் வைத்துப் பாவித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று வழியை மூடிவிடும். வீட்டுக் குழாயின் சாதாரண ஓட்டமே போதுமானது. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் சவர்க்கார நீரைத் தெளித்து, மென்மையான தூரிகையால் தகடு செல்லும் திசையிலேயே தேய்க்கவும். மடங்கிய தகடுகளை மெல்லிய தட்டையான பொருளொன்றினால் பொறுமையாக நிமிர்த்தலாம்.

கொண்டென்சருக்கும் றேடியேற்றருக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியே பலரது கண்ணில் படாத இடமாகும். முன்னிருந்து பார்த்தால் கொண்டென்சர் சுத்தமாகவே தெரியும். அதன் பின்னால் பதரும் பஞ்சும் மெத்தை போலப் படிந்திருக்கும். எவ்வித ஒழுக்குமின்றி வாகனம் கொதிக்குமாயின் முதலில் அங்கே ரோச் லைற் அடித்துப் பார்க்கவும்.

உள்ளே விடும் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். எமது கிணறுகள் பலவற்றின் நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் வெண்ணிறப் படை றேடியேற்றரின் குழாயினுள்ளும் படியும். கூலன்ற் திரவத்தை, பற்றரிக்கு விடும் சுத்தமான தண்ணீருடன் உரிய அளவில் கலந்து பாவிப்பது நன்று. குளிரில்லாத நாட்டிற்கு அது எதற்கு என்று கேட்பதுண்டு. அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. ஆனால் அது நஞ்சு, சுவையோ இனிப்பு. கழற்றி ஊற்றிய திரவத்தைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் மாட்டுக்கும் எட்டாமலும், கிணற்றடியில் கொட்டாமலும் பார்த்துக்கொள்வது எமது கடமையாகும்.

ஓட்டும் முறையே முதல் வலை

முன்னால் செல்லும் வாகனத்தின் ரயர் கிளப்பிவிடும் கல்லுக்குப் பெரும் வேகம் இருப்பதில்லை. நாமே எமது வேகத்துடன் சென்று அதில் மோதுகிறோம். மோதலின் சக்தி வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயரும். 40 கி.மீ. வேகத்தில் படும் கல்லை விட 80 கி.மீ. வேகத்தில் படும் அதே கல் நான்கு மடங்கு சக்தியுடன் தாக்குகிறது. கிறவல் வீதியில் வேகத்தைப் பாதியாகக் குறைப்பவர் அடியை நான்கிலொன்றாகக் குறைக்கிறார். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இடைவெளியும் அவ்வாறே. 60 கி.மீ. வேகத்தில் ஒரு வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் செல்கிறது. கிறவல் வீதியில் முன்வாகனத்திற்கும் எமக்குமிடையே நான்கைந்து செக்கன் ஓடும் தூரமாவது இருக்கட்டும். கற்கள் நிலத்தில் விழுந்த பின்னரே நாம் அவ்விடத்தைக் கடப்போம். தூசியும் அடங்கி வீதி தெரியும். எதிரே வாகனம் வந்தால் இருவருமே வேகத்தைத் தணிப்பது இருவரது றேடியேற்றருக்கும், கண்ணாடிக்கும், ஓரத்தில் சைக்கிளில் செல்லும் மாணவனின் கண்ணுக்கும் நல்லது.

கல் பட்டுவிட்டால்?

ஓடும்போது முன்பக்கத்தில் பலத்த ஓசை கேட்டால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி வாகனத்தின் அடியைப் பாருங்கள். பச்சை, சிவப்பு அல்லது நீல நிறத் துளிகள் சொட்டினால் மேற்கொண்டு ஓட வேண்டாம். முள் உயர்ந்தாலும், இனிப்பான மணம் வந்தாலும், ஆவி கிளம்பினாலும் அவ்வாறே.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனால் வெப்பமானியின் முள் உயராமல் இறங்கவும் கூடும். வெப்பத்தை அளக்கும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். முள் சடுதியாக விழுந்தால் “சூடு ஆறிவிட்டது” என்று எண்ணி ஓட்டத்தைத் தொடர்வது எஞ்சினுக்கு நாமே கொள்ளி வைப்பதாகும்.

எஞ்சினை நிறுத்தி, பொனற்றைத் திறந்து, குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்துடன் பீறிடும் கொதிநீரும் ஆவியும் முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும். ஆறிய பின்னும் தடித்த துணியால் மூடியைப் பொத்திப் பிடித்து, முதற் படிவரை திருப்பி, அழுத்தம் வெளியேறிய பின்னரே முழுவதும் கழற்றுங்கள். காய்ந்து சூடேறிய எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கலாம்.

நோயாளியுடன் நடுவழியில் நிற்பவருக்கு ஒரு தற்காலிக வழியுண்டு. ஒழுகும் குழாயைக் கண்டறிந்து, துளையின் இருபுறமும் குறட்டினால் நசித்து மடித்துவிட்டால் அக்குழாய் மாத்திரம் அடைபடும். மற்றவை வேலை செய்யும். பின்னர் நீரை நிரப்பி, மூடியை முதற் படியில் தளர்வாக விட்டால் அழுத்தம் குறைந்து கசிவும் குறையும். அடிக்கடி நிறுத்தி நீர் பார்த்து, மெதுவாக அடுத்த ஊர் வரை செல்லலாம். மஞ்சள் தூள் போட்டுக் கசிவை அடைக்கும் வழக்கமும் உண்டு. அது சிறு கசிவை நிறுத்தக்கூடும்; ஆனால் நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும். வேறு வழியில்லாதபோது மாத்திரம் அதைச் செய்து, பின்னர் முழுவதும் கழுவுவிக்க வேண்டும். தூர இடம் செல்லும் ஒவ்வொரு வாகனத்திலும் ஐந்து லீற்றர் தண்ணீர், ஒரு குறடு, ஒரு தடித்த துணி, ஒரு ரோச் லைற் இருப்பது அவசியம்.

கூடிச் செய்ய வேண்டியவை

இதுவரை கூறியவை ஒவ்வொருவரும் தனித்துச் செய்யக்கூடியவை. ஆயினும் கல் வீதியில் இருக்கும்வரை வலை அரைத் தீர்வே. மிகுதியை நாம் கூடியே செய்ய வேண்டும்.

மண்ணும் சல்லியும் ஏற்றும் டிப்பர்கள் படங்கு மூடிச் செல்ல வேண்டும் என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சாரதிகள் சங்கங்களும் ஒருமித்து வலியுறுத்த வேண்டும். உள்வீதிகளுக்குக் கிறவல் பரப்பப்படும்போது, நீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்கப்படுகிறதா என்பதைப் பிரதேச சபையிடம் கேட்பதற்கு மக்களுக்கு உரிமையுண்டு. இறுக்காமல் கொட்டப்படும் கிறவல் ஒரே கோடையில் உதிரிக் கல்லாகிவிடும்; செலவிட்ட பணமும் தூசியாகிவிடும்.

நெல்லை வீதியில் காயவிடும் விவசாயியைக் குறை கூறுவது எளிது. வேறு இடம் இருந்தால் அவர் வாகனங்களுக்கு நடுவே தமது நெல்லை விரிப்பாரா? கமக்காரர் அமைப்புகள் ஊருக்கு ஒரு பொதுக் காயவிடும் தளத்தைக் கேட்டுப் பெறுமாயின், நெல்லும் காக்கப்படும், வீதியும் காக்கப்படும்.

இறுதியாக எமது இளைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டம் வெட்டி வலை அடிப்பதற்கும், றேடியேற்றரை முறைப்படி கழுவுவதற்கும் பெரிய முதல் தேவையில்லை. வெல்டிங் கற்ற இரண்டு மூன்று இளைஞர்கள் சேர்ந்து, அறுவடைக்கு முன்னர் தமது ஊரின் வாகனங்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் இவ்வேலையைச் செய்து கொடுத்தால், அது அவர்களுக்கு ஒரு தொழில். ஊருக்கு ஒரு காவல். தடைக்காலத்தில் இல்லாத உதிரிப்பாகத்தைத் தம் கையால் செய்து ஓட்டியவர்கள் இன்றும் எமது ஊர்களில் வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டுக் கற்பதற்கு இதுவே தருணம்.

அடுத்த அறுவடை தொடங்குமுன் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். பொனற்றைத் திறந்து, ரோச் லைற்றை அடித்து, உங்கள் றேடியேற்றரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே நீங்கள் காண்பது ஒரு குப்பை படிந்த தகடாக இருக்கலாம். அதன் பின்னால் இருப்பதோ ஒரு குடும்பத்தின் சோறும், ஒரு நோயாளியின் நேரமும் ஆகும்.